ஐ.சீ.யூ.வில் "சேர்" இல்லை: வெளிநாடு செல்லும் எமது வைத்தியர்கள் புதிதாகக் கற்பது என்ன?

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போன வைத்தியர்களைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். எத்தனை பேர் போனார்கள், அங்கே சம்பளம் எவ்வளவு, பிணைப்பணம் கட்டாமல் போனவர்கள் யார் என்று பாராளுமன்றத்திலிருந்து பள்ளிவாசல் முற்றம் வரை விவாதம் நடந்தது. 2023 ஏப்ரலில் அனுராதபுரம் போதனா வைத்தியசாலையில் சிறுவர் வார்டு ஒன்று, வைத்தியர்கள் வெளிநாடு போனதால் தற்காலிகமாக மூடப்பட்டபோது அந்த விவாதம் இன்னும் சூடாகியது. ஆனால், போனவர்கள் போன இடத்தில் எப்படி வேலை செய்கிறார்கள் என்ற பேச்சை மட்டும் எங்கும் காணவில்லை. விமான நிலையத்தில் எடுத்த புகைப்படத்தோடு கதை முடிந்துவிடுகிறது.

நான் வைத்தியர் இல்லை. உடப்புசல்லாவைப் பக்கத்தில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, இந்தக் குளிரிலேயே இருபது வருடம் ஓட்டிவிட்டேன். இந்த விடயம் எனக்கு ஏன் முக்கியம் என்றால், இங்கே ஒருவருக்கு நெஞ்சுவலி கடுமையாகி மூச்சுத் திணறினால் சுவசெரிய அம்புலன்ஸ் ராகலை வழியாக நுவரெலியாவுக்குத்தான் ஓட வேண்டும். அங்கே ஐ.சீ.யூ.வில் கட்டில் இல்லையென்றால் கண்டி, இல்லாவிட்டால் பதுளை. அந்தக் கட்டிலின் பக்கத்தில் நிற்கப் போகும் வைத்தியர் எங்கே, யாரிடம், எந்தப் பழக்கத்தோடு பயிற்சி பெற்றார் என்பது எங்கள் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. என் வகுப்பில் இன்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஓரிருவர் நாளை அந்த வைத்தியராகலாம் என்பது இரண்டாவது காரணம்.

எமது வைத்தியர்கள் இரண்டு வழிகளில் வெளியே போகிறார்கள். ஒன்று, விசேட வைத்திய நிபுணராக விரும்புபவர்கள் போகும் வழி. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் எம்.டி. பரீட்சை சித்தியடைந்த பிறகு வெளிநாட்டு வைத்தியசாலை ஒன்றில் பயிற்சி பெற வேண்டும். அதன் பிறகே நிபுணர் சான்றிதழ். இவர்களைப் பெரும்பாலும் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் காணலாம். இவர்கள் திரும்பி வர வேண்டியவர்கள். மற்றையது, பிரித்தானியாவின் பிளாப் பரீட்சை போன்றவற்றை எழுதி, வேலை தேடித் தாமாகவே போகிறவர்கள். 2022இல் அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்லலாம் என்று சுற்றறிக்கை வந்ததும் இந்த இரண்டாவது வரிசை நீண்டது. பிரித்தானியாவில் 2023இல் புதிதாகப் பதிவு செய்த வைத்தியர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அந்த நாட்டுக்கு வெளியே படித்தவர்கள். எனவே இது எம்மவர்களின் கதை மட்டுமல்ல. இந்தியா, பாகிஸ்தான், நைஜீரியா, எகிப்து, சூடான் என்று பல நாட்டவர் இதே அனுபவத்தினூடாகப் போகிறார்கள்.

பிளாப் இரண்டு பகுதிகள் கொண்டது. முதலாவது 180 பல்தேர்வு வினாக்கள், மூன்று மணித்தியாலம். உயர்தரத்தில் மூன்று 'ஏ' எடுத்து வந்த பிள்ளைக்கு அது பெரிய மலை இல்லை. இரண்டாவது மென்செஸ்டரில் நடக்கும் செய்முறைப் பரீட்சை. நோயாளியாக நடிப்பவரிடம் பேசிக் காட்ட வேண்டும். இதற்கும் அங்கே டியூஷன் வகுப்புகள் முளைத்துவிட்டன. எந்த இடத்தில் அனுதாப வார்த்தை சொல்வது, எந்த இடத்தில் மௌனமாக இருப்பது என்பதைக்கூடப் பாடமாக்கிச் சொல்லிக் கொடுக்கிறார்களாம். நாம் வரலாற்றுப் பாடத்தை மனப்பாடம் செய்வித்த மாதிரித்தான். பரீட்சை சித்தியாகும். பிறகு ஐ.சீ.யூ.வில் முதல் இரவு வேலை வரும். அங்கே அந்த மனப்பாடம் உதவாது.

ஏன் என்பதை விளங்க ஐ.சீ.யூ. எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். 1952இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் போலியோ கொள்ளைநோய் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து நோயாளிகள் அடுத்தடுத்து இறந்தனர். இருந்த சுவாச இயந்திரங்கள் போதவில்லை. பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ஒரு ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்று செலுத்தலாம் என்றார். பையை அழுத்துவது யார்? ஏறத்தாழ 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாக, வாரக்கணக்கில் அழுத்தினார்கள். மரண வீதம் வெகுவாகக் குறைந்தது. அடுத்த வருடமே இப்சன் உலகின் முதல் ஐ.சீ.யூ. என்று சொல்லப்படும் பிரிவை ஆரம்பித்தார். அந்த இப்சனும் அதற்குச் சில வருடங்களுக்கு முன்னர் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்தான். ஆக, ஐ.சீ.யூ. பிறந்த நாளிலிருந்தே அது ஒரு தனி வைத்தியரின் மேதைமையில் ஓடும் இடமாக இருந்ததில்லை. நோயாளியின் உயிர், பையை அழுத்திய இருபது வயதுப் பிள்ளையின் கையிலும் இருந்தது.

இன்று பிரித்தானிய ஐ.சீ.யூ.க்களின் தர விதிகளின்படி செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு தாதி முழு நேரமும் இருக்க வேண்டும். மருந்தாளர், பிசியோதெரபிஸ்ட், போஷாக்கு நிபுணர் ஆகியோருக்கும் தினசரிச் சிகிச்சையில் பங்கு உண்டு. நோயாளியின் இரத்த அழுத்தத்துக்கு ஏற்ப மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பது பெரும்பாலும் தாதிதான். வைத்தியர் ஓர் எல்லையைக் குறித்துக் கொடுப்பார், அவ்வளவே. பத்துப் பதினைந்து வருடம் அதே பிரிவில் இருக்கும் தாதிக்கு, நேற்று வந்த வைத்தியரைவிட அந்த இயந்திரங்களைப் பற்றி நன்றாகத் தெரியும். தெரியும் என்பதை அவர் மறைப்பதும் இல்லை.

என்னிடம் பத்தாம் ஆண்டில் படித்த ஒருவர் இப்போது இங்கிலாந்தில் இருக்கிறார். சென்ற வருடம் விடுமுறையில் வந்தபோது நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தோம். முதல் மாதத்தில் ஓர் இரவு, நோயாளி ஒருவரின் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருப்பதைக் கண்டு மருந்து எழுதிக் கொடுத்தாராம். தாதி அதைப் பார்த்துவிட்டு, "ஐ ஆம் நொட் ஹப்பி வித் திஸ்" என்றாராம். இவர் அந்தப் பெண்ணுக்கு ஏதோ மனக்கவலை என்று நினைத்து, "பரவாயில்லை, கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். தாதி கொடுக்கவில்லை. பின்னாலேயே வந்து, நீங்கள் எழுதிய வேகத்தில் இதை ஏற்றினால் இதயம் நின்றுவிடலாம், எங்கள் பிரிவின் விதி இது என்று தாளை நீட்டினார். "சேர், அந்த ஊரில் 'எனக்கு இதில் சந்தோஷமில்லை' என்று ஒரு தாதி சொன்னால், 'நிறுத்து, தவறு செய்கிறாய்' என்று அர்த்தம். அது எந்த ஐ.ஈ.எல்.டி.எஸ். புத்தகத்திலும் இல்லை" என்றார்.

அன்று அவருக்கு முதலில் வந்தது கோபம். நோயாளிகளின் முன்னால் அவமானப்படுத்தப்பட்டதாக உணர்ந்தாராம். இரண்டு நாள் அந்தத் தாதியின் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அவரே தேநீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, எதுவும் நடக்காதது போல இன்னொரு நோயாளியைப் பற்றி இவரிடம் கருத்துக் கேட்டாராம். அவருக்கு அது சாதாரண வேலை. இவருக்கு அது மானப்பிரச்சினை.

இன்னொன்று சொன்னார். அங்கே ஆலோசக வைத்தியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஐம்பத்தெட்டு வயது மனிதரை, பெயர் சொல்லி! இவருக்கு நா எழவில்லை. ஆறு மாதம் எந்தப் பெயரும் சொல்லாமல் "எக்ஸ்கியூஸ் மீ" என்றே காலத்தை ஓட்டியிருக்கிறார். நம் வீடுகளில் சில உம்மாமார் வாப்பாவைப் பெயர் சொல்லாமலே நாற்பது வருடம் குடும்பம் நடத்தவில்லையா, அந்த மாதிரி. கேட்டுச் சிரித்தேன். ஆனால் இதன் மறுபக்கம் சிரிப்புக்குரியது இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடத் தயங்குபவர், அதிகாலை மூன்று மணிக்கு அவரைத் தொலைபேசியில் எழுப்பவும் தயங்குவார். நித்திரையைக் குழப்பக்கூடாது, நமக்குத் தெரியாது என்று நினைத்துவிடுவார், காலை வரை சமாளிப்போம் என்று பொறுப்பார். ஐ.சீ.யூ.வில் மூன்று மணிக்கும் ஏழு மணிக்கும் இடையே ஒரு மனிதர் இறந்துவிடலாம். அங்கே, கூப்பிட்டதற்காக யாரும் ஏசுவதில்லை. கூப்பிடாமல் விட்டால்தான் மறுநாள் விசாரணை.

தாதி ஒருவர் வைத்தியரை நிறுத்துவதால் என்ன பலன் என்று கேட்பவர்களுக்கு ஒரு சான்று. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் புரொனோவோஸ்ட், பெரிய நரம்பில் குழாய் ஏற்றும்போது கிருமி தொற்றாமலிருக்க ஐந்து எளிய படிகளை எழுதினார். கையைக் கழுவு, தோலைக் குளோரெக்ஸிடினால் சுத்தம் செய், உடலை முழுதாகத் துணியால் மூடு, தொடை நரம்பைத் தவிர், தேவையற்ற குழாயைக் கழற்று. எல்லா வைத்தியருக்கும் தெரிந்தவைதான். அவர் செய்த புதுமை, வைத்தியர் ஒரு படியை விட்டுவிட்டால் வேலையை நிறுத்தும் அதிகாரத்தைத் தாதிக்குக் கொடுத்தது. மிச்சிகன் மாநிலத்தில் நூறுக்கு மேற்பட்ட ஐ.சீ.யூ.க்களில் இது நடைமுறையானது. 2006இல் வெளியான முடிவின்படி அந்தத் தொற்று 66 சதவீதம் வரை குறைந்தது. புதிய மருந்து ஒன்றும் இல்லை, புதிய இயந்திரமும் இல்லை.

எமது பிள்ளைகளுக்கு இது ஏன் கஷ்டமாகிறது? இங்கே நான் எனது தொழிலைத்தான் முதலில் பார்க்கிறேன். சில வருடங்களாக ஒரு பரிசோதனை செய்து பார்க்கிறேன். கரும்பலகையில் சமன்பாடு ஒன்றை வேண்டுமென்றே சமப்படுத்தாமல் எழுதிவிட்டுக் காத்திருப்பேன். நாற்பது பிள்ளைகள். குறைந்தது பத்துப் பேருக்காவது அது பிழை என்று தெரியும்; கொப்பியில் சரியாகத் திருத்தியே எழுதியிருப்பார்கள். ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒருமுறை ஒரு மாணவி மணி அடித்த பிறகு, எல்லோரும் போன பின், கதவருகே நின்று மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு மன்னிப்பும் கேட்டாள். இந்தப் பிள்ளைதான் நாளை உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்து மருத்துவ பீடம் போகப் போகிறது. அங்கேயும் பேராசிரியரின் வார்ட் ரவுண்டில் பின்வரிசையில் நிற்கும். பிறகு லீட்ஸிலோ பேர்மிங்ஹாமிலோ இறங்கியதும், "உங்கள் கருத்து என்ன?" என்று முதல் நாளே கேட்பார்கள்.

இது மார்க்கம் கற்றுத் தந்த மரியாதை என்று சிலர் சொல்வதுண்டு. பத்ர் களத்தில் படை தங்கிய இடத்தைப் பற்றி ஹுபாப் இப்னு முன்திர் (ரழி) அவர்கள், இது வஹியா அல்லது உங்கள் அபிப்பிராயமா என்று நபி (ஸல்) அவர்களிடமே கேட்டதையும், அபிப்பிராயம்தான் என்றதும் வேறு இடத்தைக் காட்டியதையும், படை இடம் மாறியதையும் சீறா நூல்கள் சொல்கின்றன. நம் மதரஸாப் பிள்ளைகள் எல்லோரும் கேட்ட சம்பவம். மஷூரா என்ற சொல்லைப் பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டோம் போலும்.

வாய் திறக்காதவருக்கு அந்த நாட்டில் என்ன நடக்கிறது என்பதும் ஆவணமாக இருக்கிறது. பிரித்தானியாவில் வைத்தியர்களைப் பதிவு செய்யும் பொது மருத்துவச் சபை, 2019இல் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. தொழில் வழங்குநர்கள் ஒழுக்காற்று விசாரணைக்காகச் சபைக்கு அனுப்பும் முறைப்பாடுகளில், வெளிநாட்டில் படித்த வைத்தியர்கள் உள்நாட்டில் படித்தவர்களைவிட இரண்டரை மடங்கு அதிகமாகச் சிக்குகிறார்கள். வெள்ளையரல்லாத வைத்தியர்களின் நிலையும் அதுதான். வெள்ளையர்களைவிட இரு மடங்கு. காரணங்களை ஆய்வாளர்கள் தேடினார்கள். ஆரம்ப அறிமுகப் பயிற்சி போதாமை, தனிமையான வேலை நேரங்கள், மேலதிகாரிகள் எட்ட முடியாத தூரத்தில் இருப்பது ஆகியவற்றோடு, "நம்மவர்", "வெளியார்" என்ற பிரிவினையையும் அறிக்கை சொல்கிறது. உள்ளூர் இளம் வைத்தியர் சிறு பிழை விட்டால் கோப்பிக் கடையில் வைத்துத் தோளைத் தட்டிச் சொல்லித் திருத்துகிறார்கள். வெளியாருக்கு அந்த முகத்துக்கு நேரான பேச்சு கிடைப்பதில்லை. மனம் நோகுமோ, இனவாதம் என்று சொல்வார்களோ என்று தவிர்க்கிறார்கள். சிறு பிழை சேர்ந்து சேர்ந்து, ஒரு நாள் கடிதமாக வருகிறது.

எனவே எல்லாப் பழியையும் எமது பழக்கத்தின் மேல் போடவும் முடியாது. ஆள் பற்றாக்குறைக்கு ஆள் எடுத்து, பயிற்சிப் பதவி என்ற பெயர்கூட இல்லாத இடங்களில் நிரப்பி, இரவு அட்டவணையைக் கையில் கொடுத்துவிட்டு, "ஒத்துப்போகவில்லை" என்று எழுதுவது அந்த நாட்டு நிர்வாகங்களின் பொறுப்பீனம். பொது மருத்துவச் சபை புதிதாக வருபவர்களுக்கு இலவச அறிமுகச் செயலமர்வு நடத்துகிறது. நல்ல விடயம். ஆனால் ஒரு செயலமர்வில் ஒரு வாழ்க்கைப் பழக்கம் மாறாது என்பதை எந்த ஆசிரியரும் சொல்வார்.

முஸ்லிம் வைத்தியர்களுக்கு இதற்கு மேல் சில கேள்விகள் உண்டு. கிருமித் தொற்றைத் தடுக்க முழங்கைக்குக் கீழே எதுவும் அணியக்கூடாது என்ற விதி பிரித்தானிய வைத்தியசாலைகளில் இருக்கிறது. பெண் வைத்தியர்கள் எதிர்கொண்ட சங்கடத்துக்குப் பிறகு, 2010இல் திருத்தப்பட்ட வழிகாட்டல் ஒருமுறை பாவித்து வீசும் மேற்கைகளை அனுமதித்தது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஹிஜாப் அணிவதற்கும் நீண்ட காலம் தெளிவான வழி இருக்கவில்லை. மலேசியப் பின்னணி கொண்ட இளம் வைத்தியர் பாரா ரொஸ்லான் ஒருமுறை பாவிக்கும் ஹிஜாபை முன்மொழிந்து, 2019 டிசம்பரில் ரோயல் டேர்பி வைத்தியசாலையில் அது நடைமுறைக்கு வந்தது. கவனியுங்கள்: ஒருவர் பேசியதால் வந்தது. அவர் சத்தம் போடவும் இல்லை, மனதுக்குள் புழுங்கிக்கொண்டு இருக்கவும் இல்லை. கிருமியைப் பற்றி அவர்கள் கேட்ட கேள்விக்குக் கிருமியைப் பற்றியே பதில் சொன்னார்.

இவற்றைவிடக் கடினமானது உயிரின் கடைசிக் கட்டம். நம் நாட்டில் "உம்மாவுக்குச் சொல்லாதீங்க டொக்டர், தாங்க மாட்டாங்க" என்று மகன் சொன்னால் பெரும்பாலான வைத்தியர்கள் தலையாட்டிவிடுவார்கள். அங்கே நோயாளி பேசும் நிலையில் இருந்தால் அவரிடம்தான் முதலில் பேச வேண்டும். நினைவில்லாதிருந்தால் குடும்பத்தின் கருத்தைக் கேட்பார்கள். ஆனால் நோயாளிக்கு எது நல்லது என்ற முடிவின் சுமையைக் குடும்பத்தின் தலையில் வைப்பதில்லை. சிகிச்சை இனிப் பயனில்லை, இயந்திரத்தை விலக்கலாம் என்ற பேச்சில் ஓர் இளம் முஸ்லிம் வைத்தியர் உட்கார வேண்டி வரும்போது அவரது மனம் என்ன பாடுபடும்? இஸ்லாமிய சட்ட அறிஞர்களின் சர்வதேச பிக்ஹ் அகடமி 1986 ஒக்டோபரில் அம்மானில் கூடி, மூளையின் தொழிற்பாடுகள் யாவும் மீள முடியாதவாறு நின்றுவிட்டன என்று நிபுணர்கள் தீர்மானித்தால், இதயம் இயந்திரத்தால் துடித்துக்கொண்டிருந்தாலும் கருவியை அகற்றலாம் என்று தீர்மானித்தது. மாற்றுக் கருத்துள்ள உலமாக்களும் உண்டு. ஐ.சீ.யூ.வில் நாளாந்தம் வரும் முடிவுகளில் பெரும்பாலானவை மூளைச்சாவு என்ற தெளிவான கோட்டுக்கு இப்பால் நிற்பவை என்பதால் கேள்வி அத்தோடு தீர்வதும் இல்லை. எமது உலமாக்களும் வைத்தியர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து, புறப்படும் பிள்ளைகளுக்கு இதைப் பற்றித் தமிழில் பேசினால் எவ்வளவு உதவியாக இருக்கும்! இங்கே தங்குபவர்களுக்கும் அது தேவை.

அந்நிய நாட்டு வைத்தியக் குழுவுக்குள் எம்மவர் எவ்வளவு ஆழமாகக் கலந்தார்கள் என்பதை 2020 காட்டியது. கொவிட்டில் பிரித்தானியாவில் முதலில் உயிரிழந்த வைத்தியர்களில் சூடானில் படித்த அதில் எல் தையார், பாகிஸ்தானிலிருந்து வந்த ஹபீப் ஸைதி ஆகியோர் இருந்தனர். ஏப்ரல் 4ஆம் திகதி கிங்ஸ்டன் வைத்தியசாலையின் ஐ.சீ.யூ.வில் அன்ரன் செபஸ்தியாம்பிள்ளை காலமானார். முதியோர் மருத்துவ நிபுணர். பேராதனையில் படித்து 1967இல் பட்டம் பெற்றவர். இலங்கை வரலாற்றைப் பற்றி நூல் எழுதியவர். தான் வேலை செய்த வைத்தியசாலையிலேயே நோயாளியாகப் படுத்து இறந்தார். எமது மலைநாட்டின் அடிவாரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து போனவர் என்பதால் அந்தச் செய்தி எனக்குத் தனியாக நினைவில் நிற்கிறது.

வாசல் இப்போது குறுகுகிறது. 2025 ஜூலையில் பிரித்தானிய அரசு வெளியிட்ட பத்தாண்டு சுகாதாரத் திட்டம், நிபுணத்துவப் பயிற்சி இடங்களில் தமது நாட்டுப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை என்கிறது. இனிப் போகிறவர்களில் அதிகமானோர் பயிற்சி இல்லாத பதவிகளிலேயே நீண்ட காலம் நிற்க நேரிடலாம். கேட்டுக் கற்கத் தெரியாதவருக்கு அந்த இடத்தில் கற்றுக்கொடுக்க ஒருவரும் நியமிக்கப்பட்டிருக்க மாட்டார்.

எனது கவலை திரும்பி வருபவர்களைப் பற்றியும்தான். எம்.டி. முடித்து லண்டனில் ஒரு வருடம் தாதியின் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய நிபுணர், இங்கே வந்து இறங்கியதும் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். ஒரு மாதத்தில் பழைய நாற்காலி பழகிவிடுகிறது. அங்கே கற்ற மருந்தும் கருவியும் வருகின்றன; அந்தப் பழக்கம் கட்டுநாயக்கவிலேயே நின்றுவிடுகிறது. பட்டப்பின் மருத்துவ நிறுவகம் திரும்பி வருபவரிடம் அறிக்கை கேட்கும்போது, "உங்கள் பிரிவில் தாதி ஒருவர் உங்களை நிறுத்தக்கூடிய சந்தர்ப்பங்கள் எவை?" என்று ஒரு கேள்வியையும் சேர்க்கலாம். செலவில்லாத சீர்திருத்தம்.

எமது ஊர்களில் மருத்துவ பீடத்துக்குத் தெரிவான பிள்ளைக்குப் பாராட்டு விழா வைப்பது நல்ல வழக்கம். நினைவுச் சின்னம், பொன்னாடை, பிரமுகர்களின் உரை எல்லாம் இருக்கும். அடுத்த விழாவில், ஐ.சீ.யூ.வில் வேலை செய்த தாதி ஒருவரையும் மேடைக்கு அழையுங்கள். நுவரெலியாவிலும் பதுளையிலும் எமது சமூகத்திலிருந்தும், தோட்டங்களிலிருந்தும் போன தாதியர் இருக்கிறார்கள். ஒரு பத்து நிமிடம் அவர் பேசட்டும். பிள்ளைகள் கேள்வி கேட்க இன்னொரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முதல் தடவை ஒருவரும் கை உயர்த்த மாட்டார்கள். ஒலிவாங்கியைப் பறித்துவிடாமல் காத்திருங்கள்.